சாயக்கார சபாபதியின் முதுகு

பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடும் சபாபதி முதலியாருக்குத் தம்மைப் பற்றி இரண்டு விஷயங்களில் சந்தேகமே கிடையாது. காஞ்சிபுரத்தில் தம்மைப் போல நிறம் பார்க்கும் கண் வேறு யாருக்கும் இல்லை என்பது ஒன்று. தாம் வாயைக் கட்டிய மனிதர் என்பது இன்னொன்று.

முதலாவதை ஊரே ஒப்புக்கொண்டது. கொப்பரையில் கொதிக்கும் சாயத்தை நாலடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு முக்கு" என்பார். ரெண்டு முக்கு முக்கினால் மாம்பழ மஞ்சள் மாம்பழ மஞ்சளாகவே வந்து நிற்கும். மூன்றாவது முக்கு முக்கினவர்கள் பிறகு வருத்தப்பட்டார்கள். இரண்டாவது விஷயத்துக்கு மட்டும் சாட்சி சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். அவர் மனைவி மணியம்மாளிடம் கேட்டிருந்தால், அடுப்பங்கரைப் பரணில் இருந்த வெல்லப் பானையை இறக்கிக் காட்டியிருப்பாள். அது எப்போதும் அவள் நினைத்ததைவிட ஒரு சாண் குறைவாகவே இருக்கும்.

1932-ஆம் வருஷம் புரட்டாசியில் சபாபதியின் பிடரியில் ஒரு கட்டி வந்தது. ராஜபிளவை என்றார்கள். பெயரில் ராஜா இருந்ததால் அவருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. வலி தாங்காமல் போனபோது சின்னக் காஞ்சிபுரத்து டாக்டர் ஸௌந்தரராஜனிடம் போனார். டாக்டர் கட்டியைக் கீறிச் சீழை எடுத்துக் கட்டுப் போட்டார். போகிறவரை நிறுத்தி, ஒரு சின்ன சீசாவைக் கையில் கொடுத்துக் கொல்லைப் பக்கம் அனுப்பினார்.

திரும்பி வந்த சீசாவிலிருந்து எட்டுச் சொட்டு எடுத்து, கண்ணாடிக் குழாயில் இருந்த நீலத் திரவத்தில் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். சபாபதி கிட்டே வந்து குனிந்தார். நீலம் பச்சையாயிற்று. பச்சை எலுமிச்சை மஞ்சளாயிற்று. மஞ்சள் கனன்று சிவந்தது.

"பார்த்தேளா முதலியார்வாள்? செங்கல் நிறம். உடம்புல சர்க்கரை ஏகமா இருக்கு. நீரிழிவு."

"செங்கல்னு சொல்லாதீங்க டாக்டரே. செங்கல்ல இந்தப் பளபளப்பு எங்க இருக்குது? இது அரக்குக்கு வர்றதுக்கு ஒரு முக்கு முன்னாடி நிக்கிற நெறம்."

"நிறத்துக்கு என்ன பேர் வேணா வைச்சுக்கோங்கோ. வியாதிக்கு இதுதான் பேர்."

"அந்த நீலத் தண்ணிய இன்னாத்துல காச்சுறீங்க? மயில்துத்தமா?"

டாக்டர் துத்தம்தான் என்று ஒப்புக்கொண்டார். பிறகு அரை மணி நேரம், எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது, புண் வந்தால் ஏன் ஆறாது, காலை ஏன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விளக்கினார். சபாபதி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து மணியம்மாளிடம் அவர் சொன்னதெல்லாம், துத்தத் தண்ணீரில் ஒரே கொதியில் நாலு நிறம் எடுக்கலாம் என்பது மட்டும்தான். மிச்சத்தை அவள் மறுநாள் தானே டாக்டரிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அன்று மாலையே வெல்லப் பானை பக்கத்து வீட்டுக்குக் குடிபோனது.

மாதம் ஒரு முறை காலையில் சீசாவோடு வரவேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. முதல் மாதம் போகவேண்டிய நாளுக்கு முந்தின நாள் ஒரு வளைகாப்பு வீட்டில் சபாபதி அதிரசம் சாப்பிட்டார். எத்தனை என்று அவரே கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. விடிந்ததும் சீசாவைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லையில் நின்றார். மணியம்மாள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து, தென்னேரியிலிருந்து மாட்டு வண்டியில் கத்தரிக்காய் ஏற்றி வந்த அவருடைய சிநேகிதர் தணிகாசலம் கை கால் கழுவக் கொல்லைக்கு வந்தார். தணிகாசலம் ஏரித் தண்ணீரில் நெல்லும் காய்கறியும் பயிர் செய்கிறவர். பனைமரம் மாதிரி உடம்பு. தலைவலி என்று ஒரு நாள் படுத்ததில்லை.

"தணிகாசலம், ஒரு ஒத்தாசை பண்ணுபா" என்றார் சபாபதி.

விஷயத்தைக் கேட்ட தணிகாசலம் கொஞ்ச நேரம் சீசாவையே பார்த்தார். "இன்னாபா இது, யாருனா இதக்கூடக் கடன் கேப்பாங்களா?" என்றார். ஆனால் சிநேகிதம் என்று வந்தால் அவர் எதையும் இல்லை என்று சொன்னவர் அல்ல.

அன்று டாக்டரின் குழாயில் நீலம் நீலமாகவே நின்றது. டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஒரே மாசத்துல! முதலியார்வாள், உம்மை மாதிரி ஒரு நோயாளியை நான் பார்த்ததே இல்லை."

இதில் பொய் ஒன்றும் இல்லை. அப்படி ஒரு நோயாளியை அவர் உண்மையிலேயே பார்த்ததில்லை.

இப்படியே பதினைந்து மாதம் நடந்தது. மாதத்தில் அந்த ஒரு நாள் தணிகாசலம் தவறாமல் கத்தரிக்காயோடு வந்தார். டாக்டரோ சபாபதியைப் பற்றிப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். வாயைக் கட்டத் தெரியாத மற்ற நோயாளிகளைப் பிள்ளையார்பாளையத்துக்கே அனுப்பிவைத்தார். அப்படி வந்தவர்களில் ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார் அழகியமணவாளன். பாவம், பயந்த மனிதர். சபாபதி அவரை மணைப்பலகையில் உட்கார வைத்து, கேழ்வரகுக் கஞ்சியின் பெருமையையும், விடியற்காலையில் பாலாறு வரை நடந்து வருவதன் பலனையும், நாக்கு என்பது நாம் சொன்னபடி கேட்கவேண்டிய ஒரு வேலைக்காரன் என்பதையும் ஒரு மணி நேரம் எடுத்துச் சொன்னார். வாத்தியார் தெருமுனை திரும்பியதும் சபாபதி மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு காபி கிளப்புக்குப் போய் இரண்டு ஜிலேபி சாப்பிட்டார். பேசிப் பேசித் தொண்டை வறண்டு போயிருந்தது.

இதில் வேடிக்கை, வாத்தியார் அத்தனையையும் அப்படியே செய்தார். ஆறே மாதத்தில் அவர் உடம்பு தேறிவிட்டது.

1933 மார்கழிக் கடைசியில் சபாபதிக்கு மறுபடியும் கட்டி கிளம்பியது. இந்தத் தடவை கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில். டாக்டரிடம் காட்டினால் கேள்வி வரும். ஆகவே மேல்துண்டைக் கொஞ்சம் மேலே ஏற்றிப் போட்டுக்கொண்டார். மணியம்மாள் கேட்டபோது, "பனிக்குப் போத்திக்கினு இருக்கேன்மா" என்றார். கட்டி தானே உடைந்து, ஆறியும் ஆறாமலும் ஒரு பொருக்காக நின்றது.

அது நடந்து மூன்று வாரத்தில் முதுகு வலிக்க ஆரம்பித்தது.

முப்பது வருஷமாக ஈரப் பட்டுக் கட்டுகளைக் கழியில் தூக்கி முறுக்கிப் பிழிந்த முதுகு. அது வலித்தால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? அவரும் அப்படித்தான் நினைத்தார். வாயு என்றார்கள் சிலர், பூண்டு தின்றார். பனி என்றார்கள் சிலர், தவிட்டு ஒத்தடம் கொடுத்தார். ஆனால் இந்த வலி வேலை செய்த வலி மாதிரி இல்லை. அது படுத்தால் குறையும். இது படுத்தால்தான் கூடியது. தோள்பட்டை எலும்புகளுக்கு ஒரு சாண் கீழே, முதுகின் நட்டநடுவில், ஒரே இடத்தில் நின்று குடைந்தது. சாயங்காலமானால் உடம்பு காய்ந்தது. கொப்பரைச் சூடு என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்.

மணியம்மாள் சுளுக்கு வழிக்கிற கலியனைக் கூட்டி வந்தாள். கலியன் கை வைத்தால் பிசகின நரம்பு பயந்துகொண்டு தன் இடத்துக்குப் போய்விடும் என்று அந்தப் பக்கத்தில் பேர். அவன் விளக்கெண்ணெயைத் தொட்டு, கழுத்துத் துண்டை மட்டும் எடுக்கவிடாத சபாபதியின் முதுகில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினான். நடுமுதுகுக்கு வந்ததும் சபாபதி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுத் தறி நின்றது.

கலியன் கையை எடுத்துவிட்டான். மறுபடி வைக்கவில்லை.

"சுளுக்குன்னா என் கைக்குத் தெரியுங்க மொதலியாரே. இது சுளுக்கு இல்ல. உள்ள இன்னாமோ கொதிச்சுக்கினு இருக்குது. நான் தொடமாட்டேன். டாக்டராண்ட போயிடுங்க."

"போறேன், போறேன்" என்றார் சபாபதி.

"இன்னிக்கே போலாம், வாங்க" என்றாள் மணியம்மாள்.

"இன்னிக்கு வேணாம்மே. இன்னும் ஒம்போது நாள் போவட்டும்."

"அது இன்னா ஒம்போது நாள் கணக்கு?"

ஒன்பது நாள் கழித்துத்தான் தணிகாசலத்தின் வண்டி வரும். டாக்டர் வீட்டுக்குப் போனால் சீசா கேட்பார். சொந்தச் சரக்கைக் கொடுக்கும் தைரியம் சபாபதிக்கு இல்லை. பதினைந்து மாதம் ஊருக்கே வாய்க்கட்டு சொல்லிக்கொடுத்த மனிதர், ஒரு குழாய்த் தண்ணீர் சிவப்பதற்குப் பயந்துகொண்டு பல்லைக் கடித்துப் படுத்திருந்தார்.

ஆறாம் நாள் காலையில் அவர் கொஞ்சம் தேவலை என்று சொல்லி, ஒரு தறிக்காரர் வீட்டுக்கு நிறம் காட்டப் போய்த் திரும்பினார். நடை ஒரு மாதிரி இழுத்தது. வாசலில் நின்றிருந்த மணியம்மாள் அவர் கால்களைப் பார்த்தாள்.

"ஒரு கால் செருப்ப எங்க உட்டீங்க?"

சபாபதி குனிந்து பார்த்தார். வலது காலில் செருப்பு இருந்தது. இடது காலில் இல்லை. தெருவில் திரும்பிப் பார்த்தார். நாற்பதடி தள்ளி, சாக்கடை ஓரத்தில் அது தனியாகக் கிடந்தது. நாற்பதடி வெறுங்காலோடு நடந்திருக்கிறார். கல்லும் மண்ணும் அந்தக் காலுக்குத் தெரியவில்லை.

"கழண்டுது தெரியலியா உங்களுக்கு?"

"தெரியலமே" என்றார். அவர் குரலில் அதுவரை அவள் கேட்டிராத ஒன்று இருந்தது. காரணம் எதுவும் சொல்லாமல் அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

அவள் செருப்பை எடுத்துவரக்கூடப் போகவில்லை. நேரே தெருமுனைக்கு ஓடி ஒரு ஜட்கா வண்டியைக் கூட்டிவந்தாள். எதிர்வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் அவரைத் தூக்கி வண்டியில் படுக்க வைத்தார்கள். சின்னக் காஞ்சிபுரம் போய்ச் சேரும்வரை ஒவ்வொரு குழிக்கும் அவர் முருகனைக் கூப்பிட்டார்.

டாக்டர் ஸௌந்தரராஜன் முதலில் ஜுரம் பார்த்தார். நூற்று இரண்டு. பிறகு குப்புறப் படுக்கச் சொல்லி, முதுகெலும்பை மேலிருந்து ஒவ்வொரு கணுவாக விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் சபாபதி மேஜையிலிருந்து துள்ளினார். டாக்டர் அந்த இடத்தில் மையால் ஒரு புள்ளி வைத்தார். இரண்டு பாதங்களிலும் ஊசியால் மெல்லக் குத்தி, "தெரியறதா?" என்று கேட்டார். வலதில் தெரிந்தது. இடதில், "எப்ப குத்துவீங்க?" என்று கேட்டார் சபாபதி.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தடவினார்.

"எனக்கு ஒண்ணும் புரியலை. இந்த மாதிரி முதுகெலும்புல சீழ் வைக்கறது, சர்க்கரை கட்டுல இல்லாதவாளுக்குத்தான் சாதாரணமா வரும். உமக்குத்தான் ஒரு வருஷமா சர்க்கரையே இல்லையே. சமீபத்துல கட்டி, புண்ணு ஏதாவது வந்துதா?"

"இல்லீங்க" என்றார் சபாபதி.

மணியம்மாள் அவர் தோளில் இழுத்துப் பிடித்திருந்த துண்டை உருவினாள். பொருக்குத் தட்டின கட்டி வெளிச்சத்துக்கு வந்தது. அவளுக்கும் அப்போதுதான் அது தெரியும்.

டாக்டர் எழுந்து வந்து அதைப் பார்த்தார். பிறகு சபாபதியின் முகத்தைப் பார்த்தார். மேஜை மேல் குப்புறக் கிடந்த சபாபதி, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"டாக்டரே, அந்த சீசா என்னுது இல்ல."

"எந்த சீசா?"

"எல்லா சீசாவும். தென்னேரி தணிகாசலத்துது."

டாக்டருக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் அவர் கோபப்படுவார் என்று மணியம்மாள் பயந்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"அப்போ பதினஞ்சு மாசமா நான் தென்னேரிக்காரருக்கு வைத்தியம் பார்த்திருக்கேன்" என்றார். "அவர் சௌக்கியமா இருக்காரோ?"

"கல்லு மாதிரி இருக்காருங்க" என்றார் சபாபதி.

அன்று அவருடைய சொந்தச் சீசாவே குழாய்க்குப் போனது. கொதி வருவதற்குள் அது சிவந்தது. சபாபதி தலையைத் திருப்பிப் பார்த்தார். நிறத்துக்குப் பேர் எதுவும் சொல்லவில்லை.

டாக்டர் மணியம்மாளைப் பார்த்துப் பேசினார். "அம்மா, ரத்தத்துல சர்க்கரை ஏறிக்கிடந்தா உடம்புக்குக் காவல் கிடையாது. கழுத்துக் கட்டியில இருந்த விஷம் ரத்தத்தோட போய் முதுகெலும்புல உட்கார்ந்துண்டிருக்கு. அங்க சீழ் வச்சு, உள்ளே ஓடற நரம்புத் தண்டை அமுக்கறது. அதான் கால் மரத்துப் போறது. இன்னும் அமுக்கினா ரெண்டு காலும் வராது. ஜுரம் முத்தினா உயிருக்கே ஆபத்து. இதை இங்க நான் செய்ய முடியாது. நாளைக்குக் காலம்பற ரெயில்ல பட்டணத்துக்குக் கொண்டுபோயிடணும். நான் லெட்டர் தரேன்."

தணிகாசலத்துக்கு ஆள் போயிற்று. ரெயிலடியில் அவர் பெரிய பலகை ஒன்றைச் சுமந்துகொண்டு நின்றார். செங்கல்பட்டில் வண்டி மாறும்போது சபாபதியை அசங்காமல் தூக்க அந்தப் பலகைதான் உதவியது. தாம்பரம் தாண்டினதும் தணிகாசலம், "நான் குடுத்தது தப்புபா" என்றார்.

"கேட்டது நான்தானே" என்றார் சபாபதி.

மணியம்மாள் இரண்டு பேரையும் பார்த்தாள். "ரெண்டு பேரும் வாய மூடிக்கினு வாங்க" என்றாள்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். முதுகெலும்பில் இரண்டு கணுக்கள் ஓரத்தில் அரித்துப்போயிருந்தன. மறுநாளே மயக்க மருந்து கொடுத்து, முதுகைக் கீறி, எலும்பை ஒட்டி இருந்த சீழை எடுத்தார்கள். ஒரு சின்னச் சொம்பு அளவு இருந்தது என்று நர்ஸ் சொன்னாள். ஒரு நாளைக்கு மூன்று வேளை இன்சுலின் ஊசி போட்டார்கள். அது எதிலிருந்து எடுத்த மருந்து என்று சபாபதி விசாரித்தார். மாட்டின் வயிற்றுக்குள் இருக்கும் ஓர் உறுப்பிலிருந்து என்று சின்ன டாக்டர் ஒருவர் சொல்லிவிட்டார். பிறந்ததிலிருந்து முட்டையைக்கூடத் தொடாத சபாபதி கண்ணை மூடிக்கொண்டார்.

"கேட்டீங்களா? இப்ப இன்னா பண்ணப் போறீங்க?" என்றாள் மணியம்மாள்.

"கேக்காமயே இருந்திருக்கலாம்" என்றார்.

ஆனாலும் கையை நீட்டினார்.

முதல் பத்து நாட்கள் மோசமாக இருந்தன. ஜுரம் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. கழுத்திலிருந்து இடுப்பு வரை மாவுக்கட்டில் வார்த்த ஒரு தொட்டியில் அவரைப் படுக்க வைத்திருந்தார்கள். அவரால் தம் காலைத் தாமே பார்க்க முடியாது. காலையில் கண் விழித்ததும் மணியம்மாளைக் கேட்பார்:

"எடது கால் கட்ட வெரல அசைக்கிறேன். அசையுதா?"

"அசையுது" என்பாள்.

நான்கு நாள் இப்படி நடந்தது. ஐந்தாம் நாள் அவர், "நீ பொய் சொல்றமே" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பதினஞ்சு மாசம் நான் சொன்னவன்தானே. எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன் பிறகு அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு, உணர்வில்லாத விரலை அசைத்துக்கொண்டே கிடந்தார். பதின்மூன்றாம் நாள் அவள் அவர் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கட்டைவிரல் அவள் கைக்குள் ஓர் எறும்பு அளவு நகர்ந்தது. அவள் துணியைக் கீழே போட்டாள். "மறுபடி பண்ணுங்க" என்றாள். மறுபடி நகர்ந்தது. அவ்வளவுதான், அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. வளைகாப்பு வீட்டு அதிரசத்தில் ஆரம்பித்து, காபி கிளப் ஜிலேபி, பக்கத்து வீட்டுக்குப் போயும் குறைந்த வெல்லப் பானை, கழுத்துத் துண்டு என்று ஒன்றும் விடாமல் அந்த வார்டு முழுக்கக் கேட்கும்படி திட்டித் தீர்த்தாள். சபாபதி விரலை மட்டும் அசைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

நான்கு மாதம் அந்த மாவுத் தொட்டியில் கிடந்தார். அதற்குள் மணியம்மாள் ஊசி போடக் கற்றுக்கொண்டாள். நர்ஸ் ஒரு வாழைத்தண்டைக் கொடுத்து அதில் குத்திப் பழகச் சொன்னாள். இரண்டு நாளில் அந்தத் தண்டு சல்லடையாகிவிட்டது. "தண்டு சத்தம் போடல, நீங்க போடுவீங்க, அதான் வித்தியாசம்" என்று சொல்லிக்கொண்டே முதல் ஊசியை அவர் தொடையில் போட்டாள். அவர் சத்தம் போட்டார்.

ஆடி பிறக்கும்போது ஊருக்குத் திரும்பினார்கள். இன்சுலின் சீசாவை ஈர மணல் நிரப்பிய சட்டியில் புதைத்து, நிழலான மூலையில் வைத்தாள் மணியம்மாள். சபாபதி கம்பு ஊன்றி நடந்தார். முதுகில் ஒரு சின்னக் கூன் தங்கிவிட்டது. இடது பாதம் தரையில் சற்றுப் பலமாகத் தட்டி விழும். அதனால் அவர் எந்தத் தெருவில் வந்தாலும் காபி கிளப்காரருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். கிளப்காரர் ஜிலேபித் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிடுவார். இது மணியம்மாள் போய்ச் சொல்லிவைத்த ஏற்பாடு.

கொப்பரையையோ ஈரக் கட்டையோ அவர் இனித் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தூக்குவதற்கும் பிழிவதற்கும் மச்சான்மார் இருவர் வந்தார்கள். சபாபதி ஒரு முக்காலியில் உட்கார்ந்து, நிறத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். மாதாமாதம் டாக்டர் ஸௌந்தரராஜனிடம் போகும்போது சீசா எடுத்துப்போக அனுமதி இல்லை. வைத்தியசாலைக் கொல்லையிலேயே காரியம் நடக்கவேண்டும், அதுவும் கம்பவுண்டர் நான்கடி தூரத்தில் நிற்கும்போது. இந்த அவமானத்தை சபாபதி பொறுத்துக்கொண்டார். சில மாதம் பச்சை வந்தது, சில மாதம் மஞ்சள் வந்தது. நீலம் அபூர்வமாக வந்தது. வந்த நாளில், டாக்டர் கம்பவுண்டரைக் கூப்பிட்டு, "நீர் நன்னாப் பார்த்தீரோன்னோ?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொள்வார்.

அழகியமணவாளன் வாத்தியாரிடம் உண்மையைச் சொல்லவேண்டியதுதான் சபாபதிக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. வாத்தியார் பழம் இல்லாமல், வெறும் வெற்றிலையோடு உடம்பு விசாரிக்க வந்தபோது சொல்லிவிட்டார். வாத்தியார் வெற்றிலையைக் கீழே வைத்தார்.

"அப்போ அந்தக் கேழ்வரகுக் கஞ்சி, பாலாறு வரைக்கும் நடை, அதெல்லாம்?"

"டாக்டர் எனக்குச் சொன்னதத்தான் உங்களுக்குச் சொன்னேன் சாமி. நான் செய்யல, அவ்ளோதான்."

"நல்லவேளை" என்றார் வாத்தியார். "நான் உங்களைப் பார்த்துச் செய்யாம, நீங்க சொன்னதைக் கேட்டுச் செஞ்சேன்." மறுவாரத்திலிருந்து அவர் காலையில் பாலாற்றுக்குப் போகும்போது சபாபதியையும் தெருமுனை வரை நடத்திக் கூட்டிப்போனார். பிறகு தெருமுனை செவிலிமேட்டுச் சாலையாயிற்று. ஒரு வருஷத்தில் இருவரும் ஆற்று மணல் வரை போய்வந்தார்கள்.

1937-இல், தை மாதத்தில், மணியம்மாளின் தங்கை ரேணுகாம்பாள் வீட்டில் கல்யாணம் வந்தது. வாலாஜாபாத்தில். மணியம்மாள் இரண்டு நாள் போயே ஆகவேண்டும். கல்யாண வீட்டுப் பந்தி பக்கம் சபாபதியை அழைத்துப்போக அவளுக்குத் தைரியம் இல்லை. அவருக்குமே இல்லை. ஊசி யார் போடுவது என்ற பேச்சு வந்தது. கம்பவுண்டரை வரச் சொல்லட்டுமா என்று கேட்டாள்.

"வேணாம். நானே போட்டுக்கிறேன்" என்றார்.

அவள் நம்பவில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் மூன்று தடவை சொல்லிக் காட்டி, ஊசியைக் கொதிக்க வைக்கும் கிண்ணத்தை அடுப்பருகே எடுத்து வைத்துவிட்டு வண்டி ஏறினாள்.

மறுநாள் காலையில் சபாபதி ஊசியைக் கொதிக்க வைத்தார். மணலிலிருந்து சீசாவை எடுத்தார். முப்பது வருஷம் கொதிக்கும் கொப்பரைக்குப் பயப்படாத மனிதர், அந்தத் துளியூண்டு ஊசிக்குப் பயந்தார். தொடைக்கு அருகே கொண்டுபோவார், எடுத்துவிடுவார். ஒரு தடவை வெளியே போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தார். வீட்டில் யாரும் இல்லை. போடாமல் போட்டேன் என்று சொன்னால் கேட்க ஆளில்லை. அந்த யோசனை அவருக்கு வராமல் இல்லை. வந்தது, கொஞ்ச நேரம் உட்கார்ந்தும் இருந்தது. பிறகு அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஊசியை இறக்கினார். இறக்கினபிறகு, கண்ணை மூடிக்கொண்டு மருந்தின் அளவைப் பார்க்க முடியாது என்று தெரிந்து ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

அன்று சாயங்காலமும் போட்டுக்கொண்டார். மறுநாளும்.

மணியம்மாள் பட்டுப்புடவையைக் கூட மாற்றாமல், வந்த உடனே மணல் சட்டியைக் கிளறிச் சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மருந்து சரியாகக் குறைந்திருந்தது. அதுவும் போதாமல், "காட்டுங்க" என்றாள். சபாபதி வேட்டியைச் சற்று ஒதுக்கித் தொடையைக் காட்டினார். நாலு புள்ளிகள் இருந்தன. ஒன்று நீலம் பாரித்திருந்தது.

அவள் குனிந்து, அதன் மேல் விரலை வைத்துப் பார்த்தாள்.

"கோணலா குத்தியிருக்கீங்க" என்றாள்.

பிறகு கை கழுவிவிட்டு, அவருக்குக் கஞ்சி காய்ச்ச, கேழ்வரகு மாவு இருந்த பானையைத் திறக்கப் போனாள்.